பனியில் பாயும் சிறு லாரி
மினசோட்டாவின் உறைந்த ஏரிகளின்மேல், அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கே உள்ள ரேடியோ மூலம் இயக்கும் லாரி வெண்பனியை வாரியடித்துக்கொண்டு பாய்கையில் உண்டாகும் ஆனந்தத்தைக் காட்டிலும், அதற்கு முன்னும் பின்னும் நிகழும் சிரத்தையான பராமரிப்பே எனக்குப் பெரிய ரசமாகத் தோன்றுகிறது. ஈரம் புகாதபடி ரிசீவர் பெட்டியின் மூடி விளிம்பில் சிலிக்கோன் கிரீஸைச் சன்னமாகத் தடவி, வயர் நுழையும் துவாரத்திலும் ஒரு பொட்டு வைத்து, திருகாணிகளைச் சமமாக முடுக்கும் விரல்களின் நிதானம், வித்வான் சுருதி சேர்ப்பதற்கு ஒப்பானது. லித்தியம் பாலிமர் பாட்டரி குளிரில் சக்தி குன்றுமாதலால், புறப்படும் வரையில் ஓட்டுபவர்கள் அதைக் கதகதப்பாக வைத்திருப்பார்கள். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்வதோ கூடவே கூடாது. ஓட்டம் முடிந்தபின், உருகிய நீர் பேரிங்குகளில் தங்கித் துருவேறுமுன், சக்கரங்களைக் கழற்றி, காற்றடித்து ஈரம் போக்கி, ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒரு துளி எண்ணெய் விடுகிறார்கள்.