பென்னி எங்கே, பென்ஸ் எங்கே: ஆங்கிலக் காசுப் பேச்சை ரசிப்பது எப்படி?

இங்கிலாந்திலிருந்து வந்த உறவினர் யாராவது மிச்சச் சில்லறையைக் கொடுத்தால், உண்டியலில் போடுவதற்கு முன் புரட்டிப் பாருங்கள். ராணியின் தலை இருக்கட்டும். மறுபக்கத்து எழுத்தைப் படியுங்கள். 1982 முதல் ராணி காலத்தில் அடித்த செப்பு நிறக் காசுகளில் சின்னதில் ‘ஒன் பென்னி’ என்றும் பெரியதில் ‘டூ பென்ஸ்’ என்றும் இருக்கும். பெரியது எடையில் சின்னதைப் போல் சரியாக இரண்டு மடங்கு: 3.56 கிராமும் 7.12 கிராமும். ஒருமை, பன்மைப் பாடம் முழுவதையும் இந்த இரண்டு காசுகளிலேயே படித்துவிடலாம்.

ஆனால் பென்னிக்குப் பன்மை ஒன்றல்ல, இரண்டு. கடையில் ஒரு மிட்டாயின் விலை இருபது பென்ஸ். நீங்கள் ஒரே ஒரு வெள்ளி நிறக் காசை நீட்டினாலும் கொடுத்தது ‘ட்வென்டி பென்ஸ்’தான். பையைக் கவிழ்த்து இருபது செப்புக் காசுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தால், கல்லாவில் கிடப்பவை ‘ட்வென்டி பென்னீஸ்’. மதிப்பைச் சொன்னால் பென்ஸ், உலோகத்தைச் சொன்னால் பென்னீஸ். ‘ஷி ஃபவுண்ட் சிக்ஸ் பென்னீஸ் இன் த டிராயர்’ என்று கேட்டதும் இழுப்பறையில் ஆறு காசுகள் உருளும் சத்தம் காதில் விழ வேண்டும். அதையே ‘சிக்ஸ் பென்ஸ்’ என்றால் சத்தம் இல்லை, வெறும் தொகை. ஒரு சொல்லின் வாலை மாற்றியே இவ்வளவு காட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இங்கிலாந்துக்காரர்கள் எல்லாரும் இதைப் பிசகாமல் காப்பாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ‘ஒன் பென்ஸ்’ என்று அங்கேயே பலர் சொல்கிறார்கள். கேட்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. இதில் நான் முகம் சுளிப்பவர்கள் கட்சி. பேச்சில் பெரும்பாலும் பென்ஸ் என்பதுகூடச் சுருங்கி, ஐம்பது பென்ஸ் ‘ஃபிஃப்டி பீ’ ஆகிவிடுகிறது. 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆகப் பவுண்டுக்கு 240 பென்ஸ். அப்போது பென்ஸுக்குக் குறியீடு ‘டி’. ரோமானியரின் டெனாரியஸிலிருந்து வந்தது. அன்றிலிருந்து பவுண்டுக்கு 100 பென்ஸ் என்று மாறியதும் புதுக் காசுக்கு ‘பி’ என்ற எழுத்தைக் கொடுத்தார்கள். நாவிலும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவுக்குப் போனால் கணக்கே வேறு. அங்கே காசில் பொறித்திருப்பது ‘ஒன் சென்ட்’. மக்கள் வாயில் அது பென்னி. பன்மை எப்போதும் பென்னீஸ். தங்கள் காசை அவர்கள் பென்ஸ் என்பதே இல்லை. மதிப்பைச் சொல்ல ‘சென்ட்ஸ்’ இருக்கிறதே!

இனி நம் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுங்கள். முன்பக்கம் ஆங்கிலத்தில் ‘ஒன் ஹண்ட்ரட் ருப்பீஸ்’, கடைசியில் எஸ் உண்டு. பின்பக்கத்து மொழிப் பட்டியலில் பதின்மூன்றாவது வரி தமிழ்: ‘நூறு ரூபாய்’. ‘ரூபாய்கள்’ இல்லை, தமிழில் அப்படி யாரும் சொல்வதும் இல்லை. இதனால்தான் நமக்கு ‘டென் ருப்பீ’ என்று எஸ்ஸை விழுங்கத் தோன்றுகிறது. பிறகு யாரோ திருத்த, பயந்துபோய் எல்லா இடத்திலும் எஸ் சேர்த்து ‘ஹண்ட்ரட் ருப்பீஸ் நோட்’ என்கிறோம். தொகை தனியாக நின்றால் எஸ் வேண்டும். நோட்டுக்கோ டிக்கெட்டுக்கோ முன்னால் அடைமொழியாக வந்தால் வேண்டாம். ‘எ ஹண்ட்ரட்-ருப்பீ நோட்’, ‘எ டென்-பவுண்ட் டிக்கெட்’. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எஸ் உதிர்ந்ததும் வேகம் கூடும்.

வினைச்சொல்லில் மட்டும் தமிழ்க் காதை அப்படியே நம்பலாம். ‘தரையில் பத்து ரூபாய் கிடக்கிறது’ என்போம், ‘கிடக்கின்றன’ என்போமா? ஆங்கிலமும் தொகையை ஒன்றாகத்தான் பார்க்கிறது: ‘டென் பவுண்ட்ஸ் இஸ் இனஃப்’. நாணயங்களாக எண்ணினால்தான் ‘ஆர்’. இன்னொரு இடத்திலும் நமக்கு ஊர்ப் பாசம் வரும். பவுண்டுக்குக் கொச்சைப் பெயர் ‘க்விட்’. இருபது பவுண்டு என்றாலும் ‘ட்வென்டி க்விட்’தான், எஸ் கிடையாது. வட இங்கிலாந்தில் ‘ஃபைவ் பவுண்ட்’ என்றே பேசுகிறவர்களும் உண்டு, நம் பத்து ரூபாய் மாதிரியே. பேச்சில் அது இயல்பு, எழுதும்போது ஒத்துவராது.

பென்னியின் உண்மையான செல்வாக்கைப் பார்க்க மரபுத்தொடர்களுக்குப் போக வேண்டும். ‘த பென்னி டிராப்ட்’ என்றால் இப்போதுதான் மண்டையில் உறைத்தது என்று பொருள். காசு போட்டால் ஓடும் பழைய இயந்திரங்களிலிருந்து வந்தது என்பார்கள். போட்ட காசு உள்ளே சிக்கி நிற்கும், விழுந்ததும்தான் இயந்திரம் அசையும். ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் கழிப்பறைக்குப் போவது. அந்த நாள் பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்டால்தான் தாழ் திறக்கும். பென்னி-ஃபார்த்திங் என்ற பழைய சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் முழங்கால் உயரம். ஃபார்த்திங் என்பது கால் பென்னி. பழைய பென்னி சுமார் 31 மில்லிமீட்டர் அகலம், ஃபார்த்திங் சுமார் 20. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சைக்கிள் நிற்கும்! இன்றைய பென்னி, அளவில் கிட்டத்தட்ட அந்த ஃபார்த்திங்தான்.

கினியையும் விட்டுவிட முடியாது. 21 ஷில்லிங் மதிப்புள்ள இந்தத் தங்கக் காசை அடிப்பதை இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் நியூமார்க்கெட் குதிரை ஏலத்தில் இன்றும் கினியில்தான் விலை கூவுகிறார்கள். ஒரு கினி என்றால் ஒரு பவுண்டும் 5 பென்ஸும். அதே ஊரில் 1809-இல் தொடங்கிய குதிரைப் பந்தயத்தின் பெயர் ‘டூ தௌசண்ட் கினீஸ்’, தொடக்கத்தில் வைத்த பரிசுத் தொகையை வைத்துச் சூட்டியது. பெயரில் இரண்டாயிரம் இருந்தாலும் அதற்கு வினை ‘இஸ்’தான். ஒவ்வொரு ஆண்டும் வசந்தத்தில் நடக்கிறது. நேரலை கிடைத்தால் குதிரைகளைப் பார்த்துக்கொண்டே வர்ணனையாளரின் பேச்சுக்கும் ஒரு காதைக் கொடுங்கள்.