மாணவர் சங்கமும் வெளிநாட்டுப் பணமும்

அமெரிக்காவின் தேசிய மாணவர் சங்கத்துக்கு 1950களின் தொடக்கத்திலிருந்தே சி.ஐ.ஏ. ரகசியமாகப் பணம் கொடுத்துவந்ததை 1967இல் ‘ராம்பார்ட்ஸ்’ இதழ் அம்பலப்படுத்தியது. பொறுப்பாளர்கள் சிலருக்குத் தெரிந்திருந்தது. மாநாடுகளில் கைதூக்கி வாக்களித்த மாணவர்களுக்குத் தெரியாது. பனிப்போரின் எதிர்முகாமில், பிராகாவில் இருந்த சர்வதேச மாணவர் ஒன்றியம் சோவியத் ஆதரவில் இயங்கியது. மாணவர் அமைப்புகளை அரசுகள் பணத்தால் பயன்படுத்திய வரலாறு இது. ஆகவே மாணவர் அமைப்புக்கு வரும் அந்நியப் பணத்தைப் பார்த்து ஓர் அரசு அஞ்சுவதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது.

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைக்கான கட்டுப்பாடு 1976இல், நெருக்கடிநிலையின் நடுவே, சட்டமானது. அதற்குப் பதிலாக 2010இல் வந்த வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, ‘அரசியல் தன்மையுள்ள அமைப்பு’ என்று மத்திய அரசு அறிவித்துவிட்டால் அந்த அமைப்பு வெளிநாட்டு நன்கொடை பெற முடியாது. 2011 விதிகள் கட்சிகளின் மாணவர் அமைப்புகளை இதற்குள் சேர்த்தன. சரிதான். கட்சி தொடக்கூடாத பணத்தை அதன் மாணவர் அணி வாங்கலாம் என்றால் தடைக்கே பொருளில்லை.

அடுத்த வகைதான் சிக்கலானது. எந்தக் கட்சியையும் சாராத மாணவர் அமைப்பும், சாதி, மதம், மொழி என எந்த அடிப்படையில் திரண்டிருந்தாலும், தன் தரப்பின் ‘அரசியல் நலனை’ முன்னெடுத்தால் 2011 விதிகளின்படி அரசியல் அமைப்பாகக் கருதப்பட்டது. பந்த், சாலை மறியல், ரயில் மறியல் ஆகியவற்றை வழக்கமாக நடத்தும் அமைப்புகளும் அப்படியே. நிலுவையில் கிடக்கும் கல்வி உதவித்தொகைக்காகத் தலித் மாணவர்கள் திரண்டால் அது கல்வி நலனா, அரசியல் நலனா? 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்த நம் மாணவர்களை இந்த விதியால் அளந்தால் என்னவாகியிருக்கும்? எந்த அரசை எதிர்த்து மாணவர்கள் போராடுகிறார்களோ, அதே அரசுதான் இதைத் தீர்மானிக்கிறது. இந்த ஏற்பாட்டின் ஆகப் பெரிய குறை இது.

2020 மார்ச்சில், இந்த விதிகளை எதிர்த்து இன்சாஃப் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்த வரம்பைச் சுருக்கியது. கட்சி அரசியலிலோ நேரடி அரசியலிலோ ஈடுபடும் அமைப்புகளுக்கே தடை பொருந்தும். பொதுக் காரியத்துக்காக மறியல் செய்வதாலேயே ஓர் அமைப்பு அரசியல் அமைப்பாகிவிடாது. விதியும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், நன்கொடை பெற்ற நிறுவனம் அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதை அடியோடு தடுத்தது. இச்சட்டத்தின்கீழ் தனிப்பதிவு பெற வழியில்லாத சிறு குழுக்களுக்கு இருந்த வாசல் அத்தோடு அடைபட்டது.

கட்சிகளுக்குக் கிடைத்த சலுகையைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. வேதாந்தா குழும நிறுவனங்களிடம் பணம் பெற்று பாஜகவும் காங்கிரசும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியதாக 2014இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. நாடாளுமன்றம் 2016இல் ‘வெளிநாட்டு மூலம்’ என்பதற்கான விளக்கத்தைத் தளர்த்தி, 2018இல் அந்தத் தளர்வை 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கி நீட்டியது. உள்நாட்டுக் கட்சிப் பணத்தின் கதையும் வேறல்ல. வளாகத் தேர்தலில் கட்சிப் பணம் கூடாது, வேட்பாளர் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று மாணவர் சங்கத் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழு 2006இல் சொன்னது. 2024இல் தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலிலோ, சுவரெங்கும் அப்பிய சுவரொட்டிகளை அகற்றும்வரை வாக்கு எண்ணிக்கையை உயர் நீதிமன்றம் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் பணம் மாணவர் குரலை விலைக்கு வாங்கும் என்றால், உள்ளூர்க் கட்சிப் பணமும் வாங்கும்.

கட்சி அணிகள் மீதான தடை நீடிக்கட்டும். மற்ற மாணவர் அமைப்புகளுக்கு ஆண்டு உச்சவரம்பும் பகிரங்கக் கணக்கும் போதும். யார் கொடுத்தார், எவ்வளவு, எதற்குச் செலவானது என்ற விவரம் முதலில் சந்தா கட்டும் மாணவரின் பொதுக்குழுவுக்கு வர வேண்டும். உள்துறை அமைச்சகத்துக்கு அதன் நகல் போகட்டும்.