சொல்விளம்பி

கள்ளுக்கு 'சொல்விளம்பி' என்று ஒரு மறைபெயர் இருந்தது. நன்னூல் கூறும் குழூஉக்குறிக்கு இலக்கண நூல்களில் வரும் எடுத்துக்காட்டு அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். கூட்டத்துக்குள் இருப்பவருக்கு அது பொருள், வெளியே நிற்பவருக்கு வெறும் ஓசை. கணினிக்காரர்கள் இன்று மறையாக்கம் என்று பேசும் கலையின் எளிய வடிவம் இதுதான்.

ஆனால் 'சொல்விளம்பி' நல்ல மறைசொல் அல்ல. குடித்தவன் உளறுவான் என்பதை அந்தச் சொல்லே உளறிவிடுகிறது. பாகரின் 'காரை' எவ்வளவோ மேல். சுண்ணாம்புக் காரையை நினைப்பவனுக்குத் துணி நினைவுக்கு வராது.

சொல்லை மாற்றாமல் எழுத்தை மாற்றுவது இன்னொரு வழி. ஜூலியஸ் சீசர் எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதினார். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல் கிந்தி, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே இத்தகைய மறையை உடைக்கலாம் என்று விளக்கினார். தமிழில் எண்ணக்கூட வேண்டியதில்லை. மெய்களை இடம் மாற்றிவிட்டுப் புள்ளியை அப்படியே விட்டால், இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடும். ணகரமும் ளகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. 'ங்' வந்தால் அடுத்து நிற்பது பெரும்பாலும் ககரம். மொழிமுதல் எழுத்துகளை ஒழுங்காகப் படித்த தமிழாசிரியர் ஒருவர் போதும், ஒரு மாலைப்பொழுதில் அவிழ்த்துவிடுவார்.

குழூஉக்குறியை அப்படி உடைக்க முடியாது. அதன் பலம் அங்கேதான் இருக்கிறது. எழுதப்படிக்கத் தெரிய வேண்டாம், செலவில்லை, பிடிபட்டால் கையில் தடயமும் இல்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரைப் பாருங்கள். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பலவீனமும் அதே துண்டுக்கு அடியில்தான். விற்பவரிடம் ஒரு விலை, வாங்குபவரிடம் ஒரு விலை என்று தரகர் பேசினால் கண்டுபிடிப்பது யார்? 1883இல் மறையாக்க அறிஞர் கெர்க்காஃப்ஸ் ஒரு விதி சொன்னார்: முறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் மறைவாக இருந்தால் ரகசியம் நிற்க வேண்டும். குழூஉக்குறிக்குத் தனியாகச் சாவி கிடையாது, சொல்லேதான் சாவி. ஒருவர் வாய்விட்டால் தீர்ந்தது. சாராயத்தை முதன்முதலில் 'சரக்கு' என்றவருக்கு அது மறைவாக இருந்திருக்கும். இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

இதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. மறைப்பது வேறு, மெய்யென்று உறுதி செய்வது வேறு. வள்ளுவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார்க்கச் சொன்னார். ஒற்றன் தன்னை மறைத்துக்கொள்ளத் தெரிந்தவன் என்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. குழூஉக்குறியோ யாருக்கும் எதற்கும் உறுதி தருவதில்லை.

கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தை நினைக்காமல் இதை என்னால் எழுத முடியவில்லை. கல்வராயன் மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவதும் போலீஸ் வந்து ஊறலை அழிப்பதும் அந்தப் பக்கத்துக்குப் பழைய கதை. ஆனால் 2024 ஜூனில் கருணாபுரத்தில் விற்ற சாராயப் பாக்கெட்டுக்குப் பெரிய மறைவு எதுவும் தேவைப்படவில்லை. காவல் நிலையம் அருகில்தான். நீதிமன்றமும் அருகில்தான். தெரியக் கூடாதவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. தெரிய வேண்டியவர்களுக்கு, அதாவது கூலி வேலை முடிந்து வந்து வாங்கிக் குடித்தவர்களுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மெத்தனாலைப் பார்த்தோ மோந்தோ சாராயத்திலிருந்து பிரித்தறிவது கடினம். உடலுக்குள் போனபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் மூட்டைகள்மேல் புலிச் சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதுவும் ஒரு குறிதான், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த குறி. மறைமொழியின் சாமர்த்தியத்தை வியக்கும் நாம் இந்த வெளிப்படையான குறியைக் கலையாகவே எண்ணுவதில்லை. எனக்கோ புலிதான் மேல்.

கருணாபுரத்தில் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அது சாராயம் என்ற ஒரே பெயர்தான். உள்ளே மெத்தனால் கலந்திருந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.