சட்டை போட்டு நிற்கும் உரிமை: கார்டன் பார்க்ஸ் படங்களை முன்வைத்து

நம்மைப் படம் எடுக்க வருகிறவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான். நாம் கிழிசலோடு இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டியில் மடித்து வைத்திருக்கிற நல்ல சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நின்றால் அவங்க முகம் சுருங்கிப் போகுது. "அதெல்லாம் வேணாங்க, எப்பவும் இருக்கிற மாதிரியே இருங்க" என்கிறார்கள். எப்பவும் இருக்கிற மாதிரி என்றால் எது? மலக்குழிக்குள் இடுப்பளவு நிற்பது, எரிந்த குடிசை முன்னால் தலையில் கைவைத்து உட்காருவது, பிணத்தைக் கட்டிப்பிடித்து அழுவது. சேரியில் கல்யாணம் நடக்குது, பிள்ளைகள் படிக்கிறார்கள், கிழவிகள் கேலி பேசிச் சிரிக்கிறார்கள். இதெல்லாம் அந்தக் கேமராவுக்குள் போவதில்லை. இதற்கு யதார்த்தம் என்று பெயர் வைத்து, கண்காட்சி வைத்து, விருதும் வாங்கிவிடுகிறார்கள்.

ஒடுக்கப்பட்டவர் கையிலேயே கேமரா வந்துவிட்டால் இந்தப் பார்வை தானாக மாறிவிடுமா? மாறாது என்றே நினைக்கிறேன். கேமரா கைக்கு வந்ததும் அவரும் முதலில் ஊரான் கண்ணால்தான் பார்ப்பார். அந்தக் கண்ணைக் கழற்றி எறியக் காலம் பிடிக்கும். அப்படிக் கழற்றி எறிந்த ஒரு கறுப்பர், அமெரிக்காவின் கார்டன் பார்க்ஸ். அவருடைய படங்களை அந்தக் கோணத்தில்தான் நான் வாசிக்கிறேன்.

1912இல் கான்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்காட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் பார்க்ஸ். பதினைந்து பிள்ளைகளில் கடைசி. பள்ளிப் பருவத்திலேயே தாயைப் பறிகொடுத்தார். படிப்பும் பாதியில் நின்றது. கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். ரயிலில் சாப்பாடு பரிமாறும் வேலையில் இருந்தபோது, பயணி ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில் பஞ்சம் பிழைக்கக் கிளம்பிய விவசாயக் கூலிகளின் படங்களைப் பார்க்கிறார். அரசாங்கத்தின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் எடுக்கவைத்த படங்கள் அவை. 1937இன் கடைசியிலோ அடுத்த வருஷத் தொடக்கத்திலோ ஓர் அடகுக்கடையில் பழைய வாய்க்லாண்டர் கேமரா ஒன்றை வாங்குகிறார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. முதலில் எடுத்தது கடற்பறவைகளை. கூலிகளின் படம் பார்த்துக் கேமரா வாங்கியவர் கூலிகளை எடுக்கவில்லை, பறவைகளை எடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பழகுபவன் அழகாகத் தெரிவதைத்தான் எடுப்பான். அழகு எது என்பதை அவனுக்கு வேறு யாரோ ஏற்கெனவே சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து அவர் போனது செயின்ட் பால் நகரத்தில் பணக்காரப் பெண்களுக்கான ஒரு துணிக்கடைக்கு. மாடல்களைப் படம் எடுக்க வாய்ப்புக் கேட்டு வாங்கினார். ஒரே படத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று பதிந்து பாழாய்ப் போனதாக அவரே தன் கதையில் எழுதியிருக்கிறார். தப்பிய ஒன்றைப் பெரிசாக்கிக் கடையில் வைத்தார். அதிலிருந்து வேலை வந்தது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் மனைவி மார்வா அவர் படங்களைப் பார்த்து, சிகாகோவுக்கு வரச் சொன்னார். அங்கே தெற்குப் பகுதிக் கறுப்பர்களின் கலை மையத்தில் இருட்டறை கிடைத்தது. பகலில் சீமாட்டிகளைப் படம் எடுத்தார்; மற்ற நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சேரித் தெருக்களில் அலைந்தார்.

பார்க்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்தத் துணிக்கடைக் காலத்தை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். போராளிக் கலைஞன் பட்டுத்துணியை எடுத்தான் என்பது சங்கடமாக இருக்கிறது போலும். என் வாதம் நேர் எதிரானது. அவருடைய தனித்த பாணிக்கு வித்து விழுந்த இடம் அந்தத் துணிக்கடைதான். எப்படி என்று பார்ப்போம்.

1942இல் ரோசன்வால்ட் உதவித்தொகையோடு வாஷிங்டனுக்கு வருகிறார். எந்த நிர்வாகத்தின் படங்களைப் பார்த்துக் கேமரா வாங்கினாரோ, அதே நிர்வாகத்தில் பயிற்சி. அதன் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் கேமராவைப் பூட்டி வைத்துவிட்டு, கடையில் கோட்டு வாங்கு, ஓட்டலில் சாப்பிடு, சினிமா பார் என்று அனுப்புகிறார். மூன்று இடத்திலும் துரத்தப்பட்டுத் திரும்பி வருகிறார் பார்க்ஸ். அந்தக் கோபத்தோடு, அதே கட்டடத்தில் இராத்திரி கூட்டிப் பெருக்கும் எல்லா வாட்சன் என்ற அம்மாவைக் கொடியின் முன்னால் நிறுத்துகிறார். ஒரு பக்கம் துடைப்பம், இன்னொரு பக்கம் தரை துடைக்கும் மாப்பு. 1930இல் கிராண்ட் வுட் வரைந்த 'அமெரிக்கன் காதிக்' ஓவியத்தில் வெள்ளைக்கார விவசாயி கையில் கவைக்கோல் இருக்கும், இங்கே துடைப்பம். படத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

உலகப் புகழ்பெற்ற படம். ஆனாலும் அதை அவருடைய பாணியின் உச்சம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அது ஒரு முழக்கம். முழக்கம் தேவைதான், சுவரொட்டிக்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது. ஆனால் அதில் அந்த அம்மா, பார்க்ஸ் சொல்ல நினைத்த கருத்தைத் தாங்கி நிற்கிறார். அவர் சொல்ல நினைத்தது என்ன என்பது அந்தப் படத்தில் இல்லை.

அது அடுத்த வாரங்களில் எடுத்த படங்களில் இருக்கிறது. அந்த அம்மாவைத் தொடர்ந்து பார்த்துப் பேசு என்கிறார் ஸ்ட்ரைக்கர். பார்க்ஸ் அவர் வீட்டுக்குப் போகிறார், சர்ச்சுக்குப் போகிறார். ஆண்டுக்கு 1,080 டாலர் சம்பளத்தில் பேரப்பிள்ளைகளையும் காப்பாற்றி வந்தவர் அவர். ஒரு படத்தைச் சொல்கிறேன். ஒரு பாதியில் நிலைக்கண்ணாடி மேசை. அதன்மேல் சட்டம் போட்ட பழைய குடும்பப் படம். கண்ணாடிக்குள் வளர்ப்பு மகளின் உருவம். மறு பாதியில் வாசல் வழியாக அந்த அம்மாவும் பேரப்பிள்ளைகளும். கொடி இல்லை, துடைப்பம் இல்லை. துடைப்பத்தைக் கீழே வைத்த பிறகும் ஒரு மனுஷிக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதுதான் இருக்கிறது. பழகுபவர் கலைஞர் ஆன இடம் இதுதான் என்பேன். கேமரா நுட்பத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து பேசிவிட்டு எடுத்தார், அவ்வளவுதான்.

எடுப்பது மட்டும் போதாது என்பதை 1948 காட்டியது. ஹார்லெமில் ரெட் ஜாக்சன் என்ற இளைஞன் தலைமையிலான கும்பலோடு வாரக்கணக்கில் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார். லைஃப் பத்திரிகை அச்சிட்டது 21. சண்டையும் பயமும் இருட்டும் முன்னால் வந்தன. வீடும் வாசலும் சாதாரணப் பொழுதும் பின்னால் போயின. 2013இல் நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகம் இதை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தியது. எதை விட்டார்கள், எதை எங்கே வெட்டினார்கள் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. எடுத்தவர் கறுப்பர்; தேர்ந்தெடுத்த மேசை வெள்ளையருடையது. கேமரா நம்ம கைக்கு வந்துவிட்டது என்று மார்தட்டுகிறவர்கள் இந்த மேசையையும் கணக்கில் சேர்க்க வேணும்.

இனி 1956. லைஃப் அவரை அலபாமாவுக்கு அனுப்புகிறது. பேருந்து மறியலின் காலம். அன்றைய பத்திரிகைப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. பார்க்ஸ் வண்ணத்தில் எடுத்தார். கடை வாசலில் கறுப்பர்கள் நுழைய வேண்டிய வழியைக் காட்டும் விளக்குப் பலகை எரிகிறது. அதன்கீழே நேர்த்தியாக உடுத்திய ஒரு பெண்ணும் சிறுமியும் நிற்கிறார்கள். பெண்ணின் தோளில் உள்ளாடைப் பட்டை கொஞ்சம் நழுவியிருக்கிறது. துணி மடிப்பில் வெளிச்சம் எப்படி விழும் என்பதை அவர் எங்கே கற்றார்? செயின்ட் பால் துணிக்கடையில், பிறகு வோக் பத்திரிகைக்கு ஃபேஷன் படம் எடுத்தபோது. சீமாட்டிக்குக் கொடுத்த அதே வெளிச்சத்தைத் தன் சனங்களுக்கும் கொடுத்தார். இழிவு முழுவதும் தலைக்கு மேலே உள்ள பலகையில் இருக்கிறது. கீழே நிற்பவர்கள்மேல் அது ஒட்டவில்லை. கிழிசலில் எடுத்திருந்தால் பார்க்கிறவன் "ஐயோ பாவம்" என்று சொல்லித் தப்பித்திருப்பான். இங்கே அவனுக்குத் தப்ப வழியில்லை.

உடுப்பு சின்ன விஷயமா? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடை போட்டார்கள். ஆண்கள் சட்டை, பனியன் போடக்கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக்கூடாது. தங்கம், வெள்ளி நகை கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன. இந்தச் சரித்திரம் உள்ள நமக்கு, கோட்டு சூட்டோடு நிற்கும் அம்பேத்கர் ஏன் சிலையானார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்ம தாத்தா ஸ்டுடியோவில் இரவல் கோட்டு வாங்கிப் போட்டு எடுத்த படம் பொய்யில்லை. அவர் கேட்ட நியாயம் அது. அதைக் கழற்றச் சொல்லும் யதார்த்தவாதி, தெரிந்தோ தெரியாமலோ அந்த எட்டுத் தடையைத்தான் திரும்பச் சொல்கிறான்.

பார்க்ஸ் படங்களில் இன்னொரு அடையாளமும் உண்டு. அலபாமாவில் ஒரு முதிய தம்பதி சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் சுவரில் பழைய குடும்பப் படம். வாட்சன் வீட்டிலும் அப்படித்தான். படத்துக்குள் படம். தான் வருவதற்கு முன்பே இவர்கள் தங்களை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு அவர் தன் சட்டகத்துக்குள் இடம் ஒதுக்குகிறார். பாணி என்று நான் சொல்வது இதைத்தான். சாய்கோணமோ நிழலோ அல்ல.

ஆனால் பார்க்ஸைக் கும்பிட்டுவிட்டுப் போக முடியாது. கட்டுரை வந்த பிறகு, அதில் துணிந்து பேசிய ஆசிரியைக்கு வேலை போனது. குடும்பமே ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பார்க்ஸ் நியூயார்க்குக்குத் திரும்பிவிட்டார். படம் மிஞ்சியது, வீடு மிஞ்சவில்லை. ஒடுக்கப்பட்டவன் எடுத்த படத்துக்கும் விலையைக் கொடுத்தது படத்தில் இருந்தவர்கள்தான். கேமராவை வறுமைக்கும் இனவெறிக்கும் எதிரான ஆயுதமாகத் தேர்ந்ததாக 1966இல் வந்த தன் வரலாற்றில் அவர் எழுதினார். ஆயுதம் எதிராளியை மட்டும்தான் தாக்கும் என்று யார் சொன்னது?

இது நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. 1966இல் பிறந்த கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாய்த் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். கருஞ்சிறுத்தைகளைப் பார்க்ஸும் படம் எடுத்தார். கறுப்பு எழுத்தை நாம் விரும்பி வாசித்தோம். கறுப்புக் கண்ணை இன்னும் சரியாக வாசிக்கவில்லை.

இன்றைக்கு நம்ம பிள்ளைகள் எல்லாரிடமும் போனில் கேமரா இருக்கு. ஒரு வன்கொடுமை நடந்தால் அரை மணி நேரத்தில் வெட்டுக்காயமும் அவிழ்ந்த சேலையும் ஊர் உலகம் சுற்றி வருது. காயத்தின் படம் வழக்குக்கு வேணும், மறுக்கவில்லை. அது வழக்குக் கட்டில் இருக்கட்டும். அதையே நம்ம அழகியல் ஆக்கிக்கொண்டால் ஊரான் கண்ணுக்கு நாமே தீனி போடுகிறோம். அந்தப் பெண் நாளைக்கு அதே தெருவில் தண்ணீர் பிடிக்கப் போகணும்; அவளைக் கேட்டாயா? பெயரைப் போடலாமா, முகம் தெரியலாமா, எந்தச் சேலையில் நிற்க விரும்புகிறாள் என்று கேட்டாயா? படம் வெளியான பின் அவள் வேலை போனால் இயக்கம் என்ன செய்யும் என்று முன்கூட்டியே பேசினாயா?

பார்க்ஸ் கடற்பறவையிலிருந்து வாட்சன் வீட்டுக்குப் போய்ச் சேர நாலைந்து வருஷம் ஆனது. நம்ம பிள்ளைகளுக்கும் ஆகட்டும். அதற்குள் ஒவ்வொருவரும் தன் தெருவில் ஒரு வீட்டுக்குப் போய், கேமராவை வெளியே எடுக்காமல் ஒருநாள் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். மறுநாள் எடுக்கலாம்.