வாசகரை எழுத வைத்த ஞாயிறு

ஒரு காலத்தில் மலாக்காவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிப் பிழைத்த தமிழருக்கு ஞாயிற்றுக்கிழமையின் சுகமே வேறு. லயத்தில் ஒருவர் வாங்கும் பத்திரிகை பல கைகள் மாறும். படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்த வாசகரைப் பிடித்துவைக்கும் வேலைக்கு இன்று செய்தி அறைகளில் தனிப் பதவியே இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று திரையில் எண்கள் ஓடுகின்றன. எண்கள் இல்லாத காலத்தில் நம் ஆசிரியர்கள் இதைச் செய்த அழகை ரசிக்கத் தெரிய வேண்டும்.

கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 1924-ல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 1950 வாக்கில் ‘கதை வகுப்பு’ நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ஆசிரியர்கள். பத்திரிகைப் பக்கமே பள்ளிக்கூடம். கதை கேட்கும் கூட்டத்துக்குள் கதை எழுதக்கூடியவர் இருக்கிறார் என்ற நம்பிக்கைதான் அதன் முதல். பாடத்தைப் படித்தவர் பேனாவை எடுத்தார். மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு ஒரு தலைமுறையே கிடைத்தது. பின்னர் அங்கே ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, 1957-ல் ஊர் திரும்பும்வரை எழுத்தாளர்களைக் கூட்டி அவர்கள் கதைகளைப் பேசி அலசினார். தட்டிக்கொடுப்பதோடு நிற்காமல் குறையையும் சொல்வது வாசகனை மதிப்பதன் இன்னொரு வடிவம்.

சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் வழி வேறு. 1935-ல் அவர் தொடங்கிய ‘தமிழ் முரசு’ அன்று ஒரு காசுக்கு விற்றது. கூலித் தொழிலாளியின் சட்டைப்பைக்கு எட்டும் விலை அது. 1950-களில் ‘மாணவர் மணிமன்றம்’ வழியாகப் பிள்ளைகளை எழுத வைத்தார். பிள்ளையின் பெயர் அச்சில் வந்துவிட்டால் அந்த வீடு பத்திரிகையை விடுமா? மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, அதே வாசகர்கள் கொடையாளர்களானார்கள்.

இந்தக் கலையின் நுட்பம் ஒன்றுதான்: வாசகரைப் பந்தியில் உட்காரவைத்ததோடு விடாமல், கையில் கரண்டியையும் கொடுத்தார்கள். சமைத்தவருக்குத் தன் வீட்டு விருந்து கசக்காது.

‘தமிழ் நேசன்’ 2019-ல் நின்றுபோனது. அன்பு மட்டும் அச்சுக்கூலிக்குக் காணாது என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு பத்திரிகையின் தரத்தை அறிய எனக்குத் தெரிந்த அளவுகோல் எளியது. அடுத்த ஞாயிறு பதிப்பை வாங்கினால் தலைப்புச் செய்தியைத் தாண்டிப் போங்கள். வாசகர் எழுதிய பக்கம் எத்தனை, அதை ஆசிரியர் எவ்வளவு அக்கறையோடு திருத்தியிருக்கிறார் என்று பாருங்கள். பக்கம் இருந்தால், நீங்களும் எழுதி அனுப்புங்கள்.