சுருதி யார் கையில்?
தமிழ்க் கிறிஸ்தவப் பாடகர் குழுக்களும் அவற்றின் பின்னால் இருப்பவர்களும்

தமிழ்க் கிறிஸ்தவ இசை பற்றி எழுதப்பட்டவற்றைப் புரட்டினால் பெரும்பாலும் பாட்டெழுதியவர்களின் வரலாறுதான் கிடைக்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864), எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை என்று போகும் ஒரு கவிராயர் வரிசை. பிரதி இருக்கிறது, பிரதியை எழுதியவரும் இருக்கிறார். அந்தப் பிரதியை ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையார் வாயில் ஏற்றிய ஆள் எங்கே? கொயர் மாஸ்டர், ஆர்கனிஸ்ட், தபேலா வாசிக்கிறவர் பற்றி எழுதியது மிகக் குறைவு. கேரல் ஆராதனைக்கு அச்சடிக்கிற தாளில் பிரசங்கியார் பெயர் பட்டங்களோடு இருக்கும். கீழே 'பாடகர் குழு' என்று ஒரு வரி, அவ்வளவுதான். 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனை நெடுங்காலம் வழிநடத்திய ஹாண்டல் மானுவேல் போல ஓரிருவர் விதிவிலக்கு.

'பாவம், மறக்கப்பட்ட கலைஞர்கள்' என்று ஒப்பாரி வைக்க இதை எழுதவில்லை. பெயர் தெரியாத இடத்தில்தான் அதிகாரம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் என்பது என் சந்தேகம். நானும் பல வருஷம் டெனர் வரிசையில் நின்று பாடியவன் என்பதால் அந்த இடத்தின் வேலைகளைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை, சுருதி வைப்பது. பாமாலையில் உள்ள ஞானப்பாட்டுகளில் பலவற்றின் ராகங்கள் இங்கிலாந்து, ஜெர்மனி கோயில்களிலிருந்து வந்தவை. பயிற்சி பெற்ற நான்கு குரல் குழுவுக்காக எழுதப்பட்ட அந்தச் சுருதியிலேயே வாசித்தால் கொயர் சொப்ரானோக்கள் ஜொலிப்பார்கள், சபையில் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு தொனி, ஒன்றரைத் தொனி இறக்கி வாசிச்சா வயல் வேலைக்குப் போய்வந்த அம்மாவும் பாடுவாங்க. அந்த ஒன்றரைத் தொனியை இறக்குவதா வேண்டாமா என்பதை ஆயரோ சபைக் கமிட்டியோ முடிவு செய்வதில்லை. ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்கிறார். கீபோர்டு வருவதற்கு முன்பு இப்படி இறக்கி வாசிக்க விரல் பழகியிருக்க வேண்டும். இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வேலை சுலபமாகிவிட்டது, சபை பாட வேண்டும் என்கிற அக்கறை கூடிவிட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது, கீர்த்தனைகள். புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். சபை பாடுவது பல பாட்டுகளில் வேறொன்று. ஆர்மோனியத்தில் கமகம் வராது, ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குத் தாவத்தான் முடியும். கூடவே வாசிக்கிறவர் கார்டு போட ஆரம்பித்ததும் மேஜர் ஸ்கேலுக்கு ஒத்துப்போகிற சங்கராபரணம் பிழைத்துக்கொண்டது, அசைவிலேயே உயிர் வைத்திருக்கும் ராகங்கள் கரைந்துபோயின. இதைச் சீரழிவு என்று சொல்ல நான் தயாராக இல்லை. அந்த ராகம் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சாஸ்திரியார் சரபோஜி மன்னரின் அவைக் கவிஞர். 1820களில் தஞ்சையில் மிஷனரிகள் திருச்சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க முனைந்தபோது அதை எதிர்த்து எழுதியவரும் அவரே. அந்தச் சண்டையிலேயே ஆராதனையில் அவருடைய கீர்த்தனைகளுக்கு இடமுண்டா என்கிற சண்டையும் கலந்திருந்தது. பின்னாளில் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் அச்சிட்டபோது அவை சபைகளின் பொதுச்சொத்தாயின. 'மேல்நாட்டு இசையா, நம்ம இசையா' என்று இன்றும் நடக்கிற விவாதத்தில் 'நம்ம' என்பது எந்தச் சாதியின் இசை என்ற கேள்வி அன்றைக்கே மறைக்கப்பட்டுவிட்டது. நான்கு குரல் ஹார்மனிக்கும் கர்நாடக ராகத்துக்கும் நடுவில் பறையும் ஒப்பாரியும் தெம்மாங்கும் கோயில் வாசலுக்கு வெளியிலேயே நின்றன.

இங்கேதான் ஒரு கொயர் மாஸ்டரின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940-2005), நம்மில் பலருக்குப் பரட்டை அண்ணன். ஒரு பாட்டு யார் வாயில் எப்படி மாறுகிறதோ அதுதான் அதன் வாழ்வு, எளியவர்கள் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ள முடியாத இசை அவர்களை விடுவிக்காது என்பது அவருடைய வாதம். நாட்டார் மெட்டில், பேச்சு மொழியில் ஆராதனை முறையையே இயற்றினார். கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட வைத்தார். எல்லாரும் சேர்ந்து ஆக்கித் தின்னும் 'ஒரே உலை' என்கிற இறையியலை அவரால் பாடவைக்க முடிந்தது, ஏனென்றால் பயிற்சி அறை அவர் கையில் இருந்தது. மற்றவர்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த விஷயத்தை அவர் ரிகர்சலில் செய்தார்.

கொயர் என்பது வடிகட்டும் இடமும்கூட. 'உனக்குச் சுருதி சேரல, பின்னால நில்லு' என்று சொல்கிற ஒரு வாக்கியத்தில் காது மட்டும் பேசுவதில்லை. யார் வீட்டில் பியானோ இருந்தது, யார் டிரினிட்டி கிரேடு பரீட்சை எழுதினார், யாருடைய உச்சரிப்பில் சேரி வாசம் அடிக்கிறது என்பதெல்லாம் அதில் சேர்ந்து பேசும். நான் பாடிய ஒரு சபையில் நல்ல கணீர்க் குரல் உள்ள ஒரு பெண்ணை 'ஒப்பாரிக் குரல்' என்று சொல்லி நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணின் தெருவில் எல்லாச் சாவுக்கும் பாடுகிற குரல் அது. ஆராதனையில் அது எப்படிப் பிழையாகிறது?

அப்பாவுவின் வழியில் வந்தவர்களையும் ஒன்று கேட்க வேண்டும். பறை இப்போது பல மேடைகளில் ஏறிவிட்டது. அதை அடிப்பவர் யார்? பெரும்பாலும் பட்டறையில் கற்றுக்கொண்ட இளைஞர்கள். நல்லதுதான். ஆனால் பரம்பரையாக அடித்துவந்தவர் சாவு வீட்டிலேயே நிற்க, கருவி மட்டும் உள்ளே வந்தால் அடையாளத்தைத்தான் சேர்த்துக்கொண்டோம், ஆளைச் சேர்க்கவில்லை. ஆசிரியராக அவரை அழைத்து, கூலி கொடுத்து, அவர் சொல்லும் நடைக்குக் கீபோர்டு பின்னால் வரட்டும். கூடவே வாசிக்கிறவர் யார், முன்னால் போகிறவர் யார் என்பது அப்போது மாறும்.

நமக்கு உடனே செய்ய முடிகிற வேலைகள் உண்டு. வயதான ஆர்கனிஸ்டுகளும் கொயர் மாஸ்டர்களும் தங்கள் நோட்டுப் புத்தகங்களோடு செத்துப்போவதற்குள் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும்: எந்தச் சுருதியில் வாசித்தீர்கள், ஏன் இறக்கினீர்கள், யாரைச் சேர்த்தீர்கள், யாரை நிறுத்தினீர்கள். பதில்கள் எல்லாமே பெருமைக்குரியதாக இருக்காது. அதனால்தான் அவற்றைக் கேட்க வேண்டியிருக்கிறது.