கதையின் திணை

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ்ந்து வாழும் ஒஜிப்வே, ஒடாவா, பொட்டாவாட்டோமி முதலிய இனத்தார் தம்மை அனிசினாபே என்னும் பொதுப்பெயரால் வழங்குவர். அவர்தம் மொழியின் மறுமலர்ச்சி பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்துப் பலகாலும் பயின்று வருகின்றது. அம்மொழியின் இலக்கணமே உலகை உயிருடையதாகக் காண்கின்றது என்பதும், ஆகவே இலக்கணம் கற்றார் மரபறிவும் பெறுவர் என்பதும் அக்கருத்தாம். இதில் உண்மை உண்டு. எனினும் முழுவதும் கொள்ளத்தக்கதன்று.

பொட்டாவாட்டோமி மரபினரான தாவரவியலறிஞர் ராபின் வால் கிம்மரர் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்கருத்தை இனிய நடையில் நிறுவ முயல்கின்றார். கல்லும் மலையும் நீரும் நெருப்பும் உயிர்வகை என்றும், உயிரில்வகையில் அடங்குவன பெரும்பாலும் மக்கள் செய்த பொருள்களே என்றும் அவர் கூறுவர். உடன்பிறந்த மொழியாகிய ஒஜிப்வேயை நோக்கின் இவ்வரையறை நெகிழ்கின்றது. அங்கே ராஸ்பெரிப் பழம் உயிர்வகை; ஸ்ட்ராபெரிப் பழமோ உயிரில்வகை. மக்கள் செய்த சமையற்கலம் உயிர்வகையிலேயே நிற்கின்றது. 'குழந்தை வந்தது' என நாம் அஃறிணை முடிபு கொடுப்பதால் குழந்தையை இழித்தோம் என்று எவரேனும் கூறுவரோ? இலக்கணப் பகுப்பு ஒன்றையே கொண்டு ஓரினத்தின் உள்ளத்தை அளத்தல் அரிது.

ஆயின், அப்பகுப்பு வாழ்வின் ஒழுகலாற்றோடு ஒத்துச்செல்லும் இடங்கள் சில உள. அவற்றுள் தலையாயது கதையைக் குறிக்கும் சொல்லாகும். மின்னசோட்டா வழக்கில் அன்றாடச் செய்தியும் தன்வரலாறும் 'திபாசிமோவின்' எனப்படும், அஃது உயிரில்வகை. நானபோசோ முதலியோரைப் பற்றிய தொன்மக்கதை 'ஆதிசூக்கான்', அஃது உயிர்வகை. காணுதல் என்னும் ஒரே வினையும் காணப்படுவது உயிர்வகையாயின் 'நிவாபமா' என்றும், அன்றாயின் 'நிவாபந்தான்' என்றும் வேறுபடும் மொழியில் இவ்வேறுபாடு சிறிதன்று. மானிடவியலறிஞர் ஹாலோவெல் 1960இல் வெளியிட்ட கட்டுரை, இச்சொல் கதையை மட்டுமன்றிக் கதைமாந்தரையே குறிக்கும் என்றும், அவரை மக்கள் 'எம் பாட்டன்மார்' என்பர் என்றும் காட்டிற்று. பனி படிந்த குளிர்காலத்தில் மட்டுமே இக்கதைகளைக் கூறல் வேண்டும் என்பது மரபு. பாட்டன்மாரை வேண்டியபோதெல்லாம் அழைத்தல் தகாது என்னும் உணர்வை இம்மரபில் யாம் காண்கின்றோம்.

இதனை உளங்கொண்டு பழைய தொகுப்புகளை நோக்குக. ஸ்கூல்கிராஃப்ட் தம் மனைவி ஜேன் ஜான்ஸ்டனின் குடும்பத்தார் வாயிலாகப் பெற்ற கதைகளைத் தம் காலச் சுவைக்கேற்பத் திருத்தி 1839இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவற்றைக் கொண்டு 1855இல் நெடும்பாட்டு யாத்த லாங்ஃபெல்லோ, நானபோசோவின் செயல்களை இரோகுவா இனத்துத் தலைவராகிய ஹயவாதாவின் பெயரில் ஏற்றினார். பாட்டனின் பெயரே போயிற்று! மெசுக்குவாக்கி இனத்தவரான வில்லியம் ஜோன்ஸ் 1903 முதல் 1905 வரை திரட்டிய கதைகளே மூலமொழியும் ஆங்கிலமுமாக அமைந்தன. அவை அச்சேறிய 1917, 1919ஆம் ஆண்டுகளில் அவர் உயிரோடில்லை.

பேசில் ஜான்ஸ்டன் (1929–2015) நிலை இவ்விருவகையினின்றும் வேறானது. பத்து வயதில் உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டும் தாய்மொழியை இழவாத அவர், 1976இல் ஒஜிப்வே மரபைப் பற்றிய நூலை ஆங்கிலத்தில் எழுதினார். படைப்பு, செடிகொடி, விலங்கு, மக்கள், வாழ்வின் நான்கு குன்றுகள் எனப் பொருள்வகையால் அவர் கதைகளை நிரல்படுத்தினார். அதனால் தெளிவு பிறந்தது. கதை சொல்லும் காலமும் சொல்வோர் குரலும் மறைந்தன. ஆங்கில வினைக்கு உயிர்வகை தெரிந்துரைக்கும் கடப்பாடில்லை. கதை அங்குச் செய்தியாகவே நின்றுவிடுகின்றது. இக்குறையை அவரும் உணர்ந்தவரே. 'மானிட்டு' என்பதனை ஆவி என்று மட்டும் பெயர்த்தல் பிழை என வலியுறுத்தினார். மொழி அழியின் மரபும் அழியும் என 1990இல் கட்டுரை வரைந்தார். பிற்காலத்தே இருமொழிக் கதைநூல்களும் வெளியிட்டார். அவரது ஆங்கில நூலைக் கதைக்கு மாற்றாகக் கொள்ளாது, கதையிருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் நூலாகக் கொள்ளுதல் பொருந்தும் என்பது எம் துணிபு.

விசுகான்சின் மாநிலத்து லாக் கோர்ட் ஒரேல் நிலப்பகுதியில் உள்ள வாதூக்கோதாதிங் பள்ளியில் பிள்ளைகள் எல்லாப் பாடங்களையும் ஒஜிப்வே மொழியிலேயே பயில்கின்றனர். மேப்பிள் மரத்துச் சாறு எடுத்துச் சர்க்கரை காய்ச்சுவதும் அங்குப் பாடமே. அப்பருவம் பனி உருகுங்காலத்தே வருகின்றது; பாட்டன்மார் கதைகள் அதற்கு முன்னரே சொல்லி முடிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.